டெய்லர் முருகையன்

வெல்டிங் ராடைக் கீழே வைத்ததும் முருகையனின் இடது புறங்கை நெற்றிக்கு ஏறிவிடும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. வியர்த்தாலும் துடைப்பார், மார்கழிப் பனியில் பல் கிட்டிப் போனாலும் துடைப்பார். பேச்சு நடுவில் யோசனை வந்தால் ஒரு துடைப்பு, வராவிட்டால் இரண்டு. "அந்த நெத்தியில அப்படி என்னதான்யா இருக்கு, எந்நேரமும் தொடைச்சிக்கிட்டு?" என்று டிராக்டர் ஓட்டும் நல்லக்கண்ணு கேட்பார். "தலையெழுத்துன்னு எவனோ எழுதி வெச்சிருக்கானாம்ண்ணே. அதைத்தான் அழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்பார் முருகையன்.

வேதாரண்யம் சாலையில் கைகாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர் பட்டறை. ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்கு முன்னால் பாதி முடிந்து சக்கரம் இல்லாமல் நிற்கும் வண்டிகள். டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் செய்வதுதான் தொழில். நெல் மூட்டை, எரு, செங்கல், கல்யாண வீட்டு ஜனம், கட்சி மாநாட்டுக்குப் போகிற ஆட்கள் என்று எல்லாம் ஏறுகிற வண்டி. ஆட்சிக்கு ஆட்சி ஏறுகிற ஆட்கள் மாறுவார்கள். கொடியில் கறுப்பும் சிவப்பும் மட்டும் எப்படியாவது இருந்துவிடும். டிரெய்லர் என்ற சொல் அந்தப் பக்கத்தில் யார் வாயிலும் நுழைவதில்லை. எல்லோருக்கும் அது டெய்லர்தான். போர்டு எழுத வந்தவரும் காதில் விழுந்தபடியே எழுதிவைத்துவிட்டார்: 'முருகையன் வெல்டிங் ஒர்க்ஸ். இங்கு அனைத்து டெய்லர் வேலைகளும் உறுதியாகச் செய்து தரப்படும்.'

பட்டறை திறந்த வாரமே சைத்தூன் பீவி ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். "பெருநாளைக்குள்ள கெடைக்குமா தம்பி?" என்று கேட்டார். முருகையன் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் தச்சா இரும்புலதாம்மா தைப்பேன், கனம் தாங்காது" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தாராம். போர்டை மாற்றச் சொல்லி அவர் மனைவி அம்சம் சொல்லாத நாளில்லை. "சரியா எழுதினா ஒருத்தருக்கும் புரியாது" என்பது அவர் பதில். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சட்டை எப்போதும் கறுப்பு. மீசை அரும்பிய வயதில் கூட்டம் கேட்கப் போய்ப் போட்டுக்கொண்டது, இன்றுவரை மாறவில்லை. "கொள்கைக்குப் பாதி, பொறிக்குப் பாதி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வெல்டிங் பொறி பட்டு விழுந்த ஓட்டைகள் கறுப்பில் அவ்வளவாகத் தெரியாது. ஆயுத பூஜையன்று அம்சம் மிஷினுக்குக் குங்குமம் வைப்பார். கண்ணெதிரே அதைத் துடைக்க இவருக்கு மனம் வராது. அம்சம் வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகு, "துரு புடிக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வேஸ்ட் துணியால் துடைத்துவிடுவார். அம்சத்துக்கும் இது தெரியும். அடுத்த வருஷமும் வைப்பார்.

இந்தப் பிடிவாதம் மேடைப் பேச்சால் மட்டும் வந்ததில்லை. அவர் அப்பா வீரையன் பண்ணை ஆளாக இருந்தவர். பொங்கலன்று பண்ணை வீட்டுக் கொல்லையில் ஆட்கள் குடும்பத்தோடு வரிசையாக நிற்க, பண்ணை நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் விபூதி கொடுப்பார். கொடுப்பது என்றால் கையில் வைப்பதல்ல, விரல் பட்டுவிடாத உயரத்திலிருந்து போடுவது. முருகையன் அப்போது சின்னப் பிள்ளை. கையும் சின்னக் கை. பாதி கையில் விழுந்தது, பாதி சாணி மெழுகிய தரையில் விழுந்தது. பொறுக்கிப் பூசிக்கொள்ளச் சொல்லி வீரையன் முதுகில் தட்டினார். பிள்ளை குனியவில்லை, கையில் இருந்ததையும் டவுசரில் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த நெற்றியில் எதுவும் ஏறவில்லை, தாலி கட்டிய அன்றைக்குக்கூட. நெற்றி துடைக்கிற பழக்கமும் அன்றைக்கு வந்ததுதானா என்று கேட்டால், "அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க. அந்த வெபூதி வாசனைதான் ஞாபகம் இருக்கு" என்பார்.

வீரையனைப் பற்றி ஊரில் இன்னொரு கதையும் உண்டு. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டு வரப்பில் சிவப்புக் கொடி ஊன்றிய காலத்தில், ஆளே வேண்டாம் என்று பண்ணை ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தது. அது வயலில் இறங்குகிற இடத்தில் வீரையன் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டார். சக்கரம் அவர் வேட்டி நுனி வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் ஆட்சி மாறியது. குடியிருந்த மனை குடியிருந்தவர்களுக்கே ஆனது. நிலத்துக்கு உச்சவரம்பு வந்தது, அதற்குத் தப்பிக்கப் பண்ணை வீட்டில் மாட்டின் பேரில்கூட நிலம் எழுதிவிட்டார்கள் என்ற கேலியும் வந்தது. எது எப்படிப் போனாலும் வந்த டிராக்டர் மட்டும் திரும்பிப் போகவில்லை. மகன் ஒரத்தநாட்டுப் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்து, அதற்கு வண்டி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.

கட்டிய வண்டியில் முதலில் அவர்தான் ஏறுவார். ஏறுவது கூட இல்லை, படுப்பார். வெறும் இரும்புத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மதகு மேல ஏத்தி எறக்குங்கண்ணே. பாத்தெல்லாம் ஓட்ட வேணாம், நீங்க எப்பவும் ஓட்டுற லட்சணத்துலயே ஓட்டுங்க" என்பார் நல்லக்கண்ணுவிடம். முதுகில் எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம். திரும்பி வந்து அந்த வட்டத்தைப் பிரித்துச் சரி செய்வார். "இரும்பு பொய் சொல்லும், முதுகு சொல்லாது" என்பது அவர் கணக்கு. அப்பன் டிராக்டருக்கு முன்னால படுத்தான், மகன் பின்னால படுக்கிறான் என்று டீக்கடை வைரக்கண்ணு கிளப்பிவிடுவார். கடையே சிரிக்கும். முருகையனும் டெய்லரில் படுத்தபடியே சிரிப்பார்.

போன வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பு, ஆறுகாட்டுத்துறையிலிருந்து அமிர்தலிங்கமும் தனபாக்கியமும் பட்டறைக்கு வந்தார்கள். புருஷன் கடலுக்குப் போகிறவர், மனைவி மீன் விற்கிறவர். அவர்களுக்கு ஒரு வத்தை இருந்தது. வத்தை என்றால் சின்ன மரப்படகு. மழைக்காலத்தில் ஊர்க்கடல் கொந்தளிக்கும்போது அதை டெய்லரில் ஏற்றிக் கோடியக்கரைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தெற்குப் பக்கத்தில் கடல் அடங்கிக் கிடக்கும். அந்தச் சில மாதத் தொழில்தான் குடும்பத்துக்கு வருஷத்துச் சோறு. ஆனால் வழி முழுக்க மதகும் பள்ளமும். படகின் முன்மூக்கை அவர்கள் அணியம் என்பார்கள். டெய்லரின் பின்பக்கம் அது நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் கடைசி இரும்பு விளிம்பு அதன் அடித்தாடையைக் கடிக்கும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பிளந்து ஒட்டுப் போட்டாகிவிட்டது. "இன்னொரு தடவை பொளந்தா ஆணி புடிக்க மரம் இல்ல" என்று படகு ஆசாரி கையை விரித்துவிட்டார்.

"அணியம் போச்சுன்னா படகு போச்சு தம்பி" என்றார் தனபாக்கியம். "அப்பறம் இவரு அடுத்தவங்க லாஞ்சுப் படகுல கூலிக்குப் போவணும். அதுக்குப் போவ மனசில்லாம இவரு கரையிலயே உக்காந்து கெடப்பாரு. எனக்குத் தெரியும். அணியத்தைக் கடிக்காத டெய்லரா ஒண்ணு கட்டிக் குடுங்க." அமிர்தலிங்கம் அந்தப் பக்கம் திரும்பி, சுவரில் சாய்ந்திருந்த இரும்புப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படகைப் பார்க்க முருகையன் கரைக்குப் போனார். அணியத்தில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. அவர் அளவெடுக்கக் கையை நீட்டவும் அமிர்தலிங்கத்தின் குரல் வந்தது.

"தொடாதீங்க. அம்மா நிக்கிற எடம். வீட்டு ஆளு கை தவிர வேற கை படக்கூடாது."

முருகையன் கையை இழுத்துக்கொண்டார். தொடாதே என்ற சொல்லை அவர் காது நிறையக் கேட்டிருக்கிறது. அதன் பல தினுசும் அவருக்கு அத்துப்படி. இது எந்தத் தினுசு என்றுதான் பிடிபடவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றிருந்தார். அந்த நேரம் பார்த்து ஐஸ் வியாபாரி ஒருவர், வெளுத்த வேட்டியும் கழுத்தில் தடித்த சங்கிலியுமாக, மீன் விலையைப் பேசிக்கொண்டே வந்து அணியத்தில் சாய்ந்தார். "மொதலாளி, எடுங்க கைய! சாயறதுக்கு ஒங்களுக்கு எங்க ஆத்தாதான் கெடைச்சாளா?" என்று அமிர்தலிங்கம் போட்ட சத்தத்தில் மனிதர் துள்ளிக்கொண்டு நகர்ந்தார். முருகையனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே அதட்டல் போடுகிறவரோடு வேலை செய்யலாம் என்று பட்டது. பையை இறக்கி, நெற்கட்டு கட்டும் வைக்கோல் பிரி ஒன்றை எடுத்துத் தனபாக்கியத்திடம் கொடுத்தார். அவர் அதை அணியத்தில் சுற்றிப் பிடிக்க, இவர் எட்டி நின்றபடியே எங்கெங்கே முடிச்சுப் போட வேண்டும் என்று சொன்னார். அளவு முடிச்சுகளாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

வேலை மும்முரமாக நடந்தது. ஆனால் முருகையன் வயல்காட்டு ஆள். மூக்கு பின்பக்கம் நீட்டிக்கொண்டு இருப்பதால்தானே இடிபடுகிறது, படகைத் திருப்பி வைத்துவிட்டால் போச்சு என்று அவருக்குத் தோன்றியது. டிராக்டரை ஒட்டி, டெய்லரின் முன்பக்கத்தில் ஒரு தூண் நட்டு, ரப்பர் வைத்து, அணியத்துக்குச் சிம்மாசனம் மாதிரி ஒன்றைக் கட்டி முடித்தார். பெயிண்டும் அடித்துவிட்டுச் சொல்லி அனுப்பினார்.

அமிர்தலிங்கம் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அணியம் எந்தப் பக்கம்?"

"முன்னாடிண்ணே. டிராக்டர் பக்கம். இனிமே ஒரு இடி இடிக்காது."

"டிராக்டரு ரிவர்ஸ்லதானே தண்ணிக்குப் போவும். அப்ப படகு எப்படி எறங்கும்?"

"பின்பக்கமா எறங்கட்டும். எறங்கினதும் திருப்பிக்கிட்டாப் போச்சு."

"கடலுக்குப் பொறத்தாலயா போவா எங்கம்மா? அணியந்தான் மொதல்ல தண்ணி குடிக்கணும்."

முருகையனுக்குள் இருந்த கறுப்புச் சட்டை எழுந்து நின்றது. "தண்ணிக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டுவிட்டார்.

அமிர்தலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றுவிட்டார். தனபாக்கியம் போகவில்லை. ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பண்ணை வீட்டுக்கு நானும் மீன் கூடையோட வந்திருக்கேன் தம்பி. ஒங்க அப்பாவை அங்க பாத்திருக்கேன். அவரு அந்த வீட்டுக்குள்ள எந்தப் பக்கமாப் போவாரு?"

"கொல்லைப் பக்கமா."

"எனக்கும் கொல்லைதான். இப்ப நீங்க அந்த வீட்டுக்குப் போனா?"

"வாசல் வழியாத்தான் போவேன். கேட்டுக்கு வெல்டிங் வைக்கக் கூப்புட்டப்ப வாசல் வழியாத்தான் போனேன்."

"ஏன் தம்பி? எப்படிப் போனாலும் உள்ளதானே போறோம்? செவுத்துக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரியுமா?"

முருகையன் நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அந்த வீட்டு வாசற்படியில் முதன்முதலாக ஏறப் போனபோது கால் தன்னால் கொல்லைப் பக்கம் திரும்பியது அவருக்கு நினைவு வந்தது. அதை அவர் அம்சத்திடம்கூடச் சொன்னதில்லை. "அண்ணனை பஸ்ஸு ஏற வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றார்.

தனபாக்கியம் போய் இழுத்துவந்த அமிர்தலிங்கத்தின் கண்ணெதிரிலேயே, பெயிண்ட் காயாத தூணை முருகையன் அறுத்துப் போட்டார். அப்புறம்தான் நிஜமான வேலை தொடங்கியது. டெய்லரின் பின்கதவைக் கழற்றி எறிந்தார். இரண்டு சட்டங்களைப் பின்னால் நீட்டி, அவற்றின் முனையில் அணியம் உட்காரும் அளவுக்கு ஒரு இரும்புத் தொட்டில் வைத்தார். உள்ளே பழைய லாரி டயரை வெட்டிப் பதித்து, வண்டி குதித்தால் அதுவும் கூடவே தாழ்ந்து எழும்படி அடியில் லாரிப் பட்டை வில்லைக் கொடுத்தார். கடைசியில் படகு வழுக்கி இறங்க ஒரு உருளை. வைக்கோல் பிரியின் முடிச்சுகளை வைத்து வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு வெல்டிங் பற்றும் வைத்தார்.

சோதனை ஓட்டத்தன்று அமிர்தலிங்கமும் வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். முருகையன் காலை டிராக்டர் பக்கம் நீட்டி, தலையைத் தொட்டிலுக்குள் வைத்துப் படுத்தார். அணியம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் மண்டை. நல்லக்கண்ணு வழக்கமான லட்சணத்தில் வண்டியை எடுத்தார். தலை பின்பக்கம் தொங்க, கறுப்புச் சட்டையோடு ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து நடவு முடிந்து வந்த பெண்கள் ஓரம் ஒதுங்கினார்கள். "அடக்கடவுளே, நம்ம டெய்லருடீ! நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தாரு" என்று ஒருத்தி நெஞ்சில் கையை வைத்தாள். செத்தவர் தலையைத் தூக்கி, "இருக்கேன், இருக்கேன். வேலையைப் பாருங்க" என்றார்.

முதல் ஓட்டத்தில் பின்மண்டையில் எலுமிச்சங்காய் அளவு வீங்கியது. இறங்கி, வீக்கத்தைத் தடவிக்கொண்டே ரப்பருக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, வில்லில் ஒரு பட்டையைக் கழற்றினார். "போதும் விடுங்க, மண்டை ஒடையப் போவுது" என்றார் அமிர்தலிங்கம். "என் மண்டைக்கு ஒட்டுப் போடலாம்ண்ணே. ஆசாரி ஒங்களுக்குத்தான் கைய விரிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறிப் படுத்தார். வீங்கிய இடத்தை அதே தொட்டிலில் வைத்துப் படுத்தவரை அமிர்தலிங்கம் கண்கொட்டாமல் பார்த்தார். டீ ஆறிப் போனது. மதகுகளையெல்லாம் ஏறி இறங்கி வண்டி திரும்பி வந்து நின்றபோது முருகையன் எழுந்திருக்கவில்லை. பதறிப் போய்ப் பார்த்தால் குறட்டை.

ஐப்பசியில் படகு ஏறியது. கை வைக்கக்கூடாது என்பதால் முருகையன் ஒதுங்கி நின்று, வீட்டு ஆட்கள் அணியத்தைத் தொட்டிலில் கிடத்தியதைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு டெய்லருக்குப் பின்னாலேயே புறப்பட்டார். வேதாரண்யம் தாண்டி, உப்பளங்கள் தாண்டி, கோடியக்கரை போய்ச் சேரும் வரை கண் அந்த மூக்கைவிட்டு நகரவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் அணியம் ஒரு முறை தாழ்ந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சும் நின்று வந்தது. தன்னுடைய பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

கரையில் வண்டி நின்றதும் தனபாக்கியம் குனிந்து அணியத்தின் அடியில் பழைய ஒட்டுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஒரு கீறல் இல்ல" என்றார்.

நல்லக்கண்ணு டிராக்டரைப் பின்னால் செலுத்தினார். தொட்டில் அலையை நெருங்கியது. அமிர்தலிங்கம் குங்குமத்தைக் குழைத்து அணியத்தில் பொட்டு வைத்தார். பிறகு, விரலில் ஈரம் காயாமல் திரும்பி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்ற முருகையனிடம் வந்தார்.

"அந்த எடத்துல மொதல்ல தலைய வெச்சது நீங்கதானே. குனிங்க."

"அண்ணே, அவரு அதெல்லாம்..." என்று டிராக்டரிலிருந்து நல்லக்கண்ணு அவசரமாக வாயெடுத்தார். அதற்குள் அமிர்தலிங்கத்தின் இடது கை முருகையனின் பிடரியைப் பிடித்துவிட்டது. வீக்கம் இருந்த இடத்தைப் பார்த்து, வலிக்காமல் பிடித்தது. கட்டைவிரல் நெற்றி நடுவில் அழுத்தமாகப் பதிந்தது. உப்பும் மீனும் மணக்கிற, சொரசொரப்பான விரல். அது உடனே விலகவில்லை. முருகையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ம், தள்ளுங்க!" என்று அமிர்தலிங்கம் குரல் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முருகையன் டெய்லரின் சட்டத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். உருளை சுழன்றது, படகு வழுக்கியது, அணியம் முதல் வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. தனபாக்கியம் குலவையிட்டார்.

வத்தை கரையைவிட்டு விலகிப் போவதைப் பார்த்தபடி முருகையன் முழங்கால் தண்ணீரில் நின்றார். தள்ளிய தள்ளில் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. வழக்கம்போல இடது புறங்கை நெற்றிக்கு ஏறியது. புருவம் வரைக்கும் போய், அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, கழுத்தைத் துடைத்துக்கொண்டது.